பாலத்துக்குப் பல் அளவு

மார்ச் 1, ஞாயிறு

இன்று கல்பாலம் வரை சைக்கிள் மிதித்துவிட்டேன். போன வாரம் பாதி வழியிலேயே மூச்சு வாங்கித் திரும்பியவள் நான். ஆற்றை ஒட்டிப் போகும் அந்தச் சரளைப் பாதையின் வாயிலில் இரும்புத் தூண்கள் நட்டிருக்கிறார்கள். காரும் பைக்கும் நுழைய முடியாது. சக்கரத்துக்கு அடியில் சரளை நறநறப்பது மட்டும்தான் சத்தம். இரண்டு பக்கமும் குன்றுகள், மேலே இடிந்த கோட்டைச் சுவர், கரையில் கூரை போன ஒரு பழைய மாவு மில். யாருக்குப் பயந்து அவ்வளவு உயரத்தில் கோட்டை கட்டினார்கள்? சொல்ல ஒரு பலகைகூட இல்லை.

பாலத்தின் வளைவுக்கு அடியில் பாதை நுழைகிறது. அங்கே மூலைக் கல்லில், இடுப்பு உயரத்தில், வரிவரியாகப் பள்ளங்கள். விரல் புதைகிற ஆழம். என்ன அது?

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். "நீ பாத்தேல்ல, போதும்" என்றான்.

மார்ச் 4, புதன்

அண்ணன் பஸ் டிரைவர். டிரைவராக இருந்தவன். இப்போது அவன் கண்ணுக்கு நேரே கொஞ்சம் மங்கலாகத் தெரியும், பக்கவாட்டில் எல்லாம் இருட்டு. லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என் வீட்டுக்கு வந்தவன், கண் ஆஸ்பத்திரி தவிர வேறு எதற்கும் வாசல் தாண்டவில்லை. இன்று மறுபடி அதே பேச்சு: "என்னை ஏதாவது ஒரு ஹோம்ல சேத்துடு குட்டி. உனக்கு எதுக்கு இந்தப் பாரம்?"

நாற்பத்தெட்டு வயதுக்காரியைக் குட்டி என்று கூப்பிட்டுக்கொண்டே பாரம் பற்றிப் பேசுகிறான். அவன் போய்விட்டால் இந்த வீட்டில் நான் யாரோடு சண்டை போடுவது?

மார்ச் 8, ஞாயிறு

நான் பல் செட்டு செய்யும் லேபிலிருந்து பல் அளவெடுக்கும் மாவை ஒரு டப்பாவில் கொண்டுபோனேன். ஆற்றுத் தண்ணீரிலேயே குழைத்துக் கல்லில் அப்பி, இறுகும் வரை பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கம் ஓட்டப் பயிற்சியில் வந்த ஒருவர் என்னைப் பார்த்து வேகத்தைக் கூட்டினார்.

மார்ச் 9, திங்கள்

அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, குமிழி போகத் தட்டி, காயவைத்தேன். லேபுக்கு வந்த பல் டாக்டர் எடுத்துப் பார்த்தார்.

"யாரோட வாய் இது?"

"ஆத்துப் பாலத்தோடது டாக்டர்."

கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார். இத்தனை வருஷம் எடுத்த நல்ல பெயர் போச்சு.

சாயங்காலம் அந்தக் கட்டியை அண்ணன் கையில் திணித்தேன். வேண்டாவெறுப்பாக வாங்கினான். பிறகு எழுந்து உட்கார்ந்தான். ஒவ்வொரு பள்ளத்திலும் விரலை விட்டு இழுத்தான்.

"கத்தி தீட்டின தடமா இருக்குமோ?" என்றேன்.

"இல்ல, அடியில உருண்டையா இருக்கு. கயிறு."

"கயிறு கல்லை அறுக்குமா?"

"எறும்பு ஊரக் கல்லும் தேயும்ல? கயிறு தேய்க்காதா?"

யார் எதற்குக் கயிறு இழுத்தார்கள்? படகு என்றான். கரையில் மாட்டையோ குதிரையையோ கயிற்றில் பூட்டி நடக்கவிட்டு, நீரோட்டத்தை எதிர்த்துப் படகை இழுத்திருப்பார்கள். அதனால்தான் கரையோடு இவ்வளவு சமமாக ஒரு பாதை. ஓட்டத்தோடு இறங்குகிற படகுக்குக் கயிறு வேண்டாம். அப்படியானால் மாடு வளைவைத் தாண்டியதும் கயிறு உரசுகிற மேற்புற மூலையில், தண்ணீர் வந்து நுழைகிற பக்கத்தில்தான் தடம் இருக்கும், தண்ணீர் வெளியேறுகிற கீழ்ப்புற மூலை வழவழவென்று இருக்கும்.

"நீ எந்த மூலையில எடுத்த?"

"மேல் பக்கம்."

"கீழ் பக்கம் பாத்தியா?"

பார்க்கவே இல்லை. பாலத்துக்கு அச்சு எடுக்கத் தெரிந்தவளுக்கு அடுத்த மூலையைத் திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

"அந்த ஆத்துக்கு மேல எத்தனை வருஷம் பஸ் ஓட்டியிருக்கேன்," என்றான். "ஒரு தடவைகூடக் குனிஞ்சு பாத்ததில்ல. பாத்திருந்தா பஸ்ஸே ஆத்துல கிடந்திருக்கும்." கட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "நானே தொட்டுப் பாக்கணும்," என்றான்.

மார்ச் 15, ஞாயிறு

பாலம் வரை அவ்வளவு தூரம் அவனால் நடக்க முடியாது, வண்டி விடமாட்டார்கள். சைக்கிள் கடைக்காரம்மாவிடம் இரண்டு பேர் மிதிக்கிற நீளச் சைக்கிள் ஒன்று இருந்தது. முன்னால் நான், பின்னால் அவன். பெடல்கள் ஒரே செயினில் சேர்ந்தவை. ஒருவர் மிதித்தால் இருவர் காலும் சுற்றும்.

முதல் வளைவிலேயே விழுந்தோம். எழுந்து போனோம். அடுத்த வளைவில் மறுபடி. நான் மிதிக்க மிதிக்கப் பெடல் அப்படியே கெட்டியாக நின்றுவிடுகிறது. என் முழங்கை முழுக்கச் சிராய்ப்பு.

மார்ச் 16, திங்கள்

"உன்னையும் சேத்துக் கொல்லப் பாத்தேன்"னு சொல்றான். ஹோம் நம்பர் வேணுமாம். நான் எதுக்கு இதை ஆரம்பிச்சேன்? சும்மா கிடந்தவனை எழுப்பிக் கீழ தள்ளினதுதான் மிச்சம். சாப்பிடல. நானும் சாப்பிடல. போடா.

மார்ச் 19, வியாழன்

கண் ஆஸ்பத்திரிக்கு டாக்சியில் போனோம். அண்ணன் முன் சீட்டில், நான் பின்னால். ஒவ்வொரு திருப்பத்திலும் அவன் வலது கால் தரையை ஓங்கி அழுத்துகிறது. சிக்னலில் அழுத்துகிறது. ஆள் குறுக்கே வந்தால் அழுத்துகிறது. டாக்சிக்காரர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தார்.

அடப்பாவி. பஸ்ஸை நிறுத்துகிற கால் அது! சைக்கிளிலும் அதே காலால் பிரேக் போட்டிருக்கிறான். அவன் அழுத்தினால் என் பெடலும் சேர்ந்துதானே நிற்கும்?

சொன்னேன். நம்பவில்லை. அப்போதும் கால் அழுத்திக்கொண்டுதான் இருந்தது.

மார்ச் 21, சனி

கடைக்காரம்மாவிடம் காரணத்தைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "அப்ப அவருக்கு நிஜமாவே ஒரு பிரேக் குடுத்துடுவோம்," என்றார். பின் ஹேண்டிலில் ஒரு பிரேக் பிடியை மாட்டி, கம்பியைப் பின் சக்கரத்துக்கு இழுத்துவிட்டார். கை பிடித்துக்கொண்டால் கால் சும்மா இருக்கும் என்பது அவர் கணக்கு.

முன்னால் பார்க்கிறவள் நான், நிறுத்துகிறவன் அவன்.

மார்ச் 22, ஞாயிறு

விழவில்லை.

மார்ச் 29, ஞாயிறு

பாலம். வழியில் ஒரு இடத்தில் சடக்கென்று பிரேக் போட்டான். திட்ட வாயெடுத்தேன், வளைவைத் தாண்டி ஒரு நாய்க் கூட்டம் பாதை முழுக்க விளையாடிக்கொண்டிருந்தது. சரளையில் நகம் கீறுகிற சத்தம் கேட்டதாம். எனக்குக் கேட்கவில்லை.

கீழ்ப்புற மூலையில் கை வைத்தான், விரலை மேலும் கீழும் ஓட்டினான். அங்கேயும் தடம் இருக்கிறது. குறைவு, ஆழமும் இல்லை, ஆனால் இருக்கிறது. அவன் கணக்கு பாதி தப்பு.

முகம் வாடும் என்று பார்த்தால், வாயெல்லாம் பல். "அப்ப இறங்கும்போதும் இழுத்திருக்காங்க. ஏன்? கோடையில தண்ணி குறைஞ்சப்பவா? காத்து எதிர்ல அடிச்சாவா?" திரும்பி வரும் வழி முழுக்க என் முதுகைப் பார்த்துக் கேள்வி. மிதிக்கிறதை மறந்துவிட்டான், மேட்டில் அவனையும் சேர்த்து நான்தான் இழுத்தேன். ஹோம் பேச்சு வரவில்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

மில் வரை. தண்ணீர்ச் சக்கரம் இருந்த குழிக்குள் இறங்கினோம். ஏற முடியவில்லை. மீன் பிடிக்க வந்தவர்கள் தூக்கிவிட்டார்கள்.

மே 27, புதன்

வேலை குவிந்திருக்கிறது, மூன்று ஞாயிறாக லேபில்தான். பாலத்துக்கு அப்பால் பாதை ஒரு பாறைக்குள் புகுந்து போகிறது என்று கேள்வி. அடுத்த மாதம் கூட்டிப்போகிறேன் என்றேன். "சரி" என்றான், நல்ல பிள்ளையாக.

ஜூன் 4, வியாழன்

போய்விட்டு வந்திருக்கிறான்! கடைக்காரம்மா முன்னால், இவன் பின்னால். நான் இல்லாமல். மூக்கெல்லாம் வெயில் பட்டுச் சிவந்து, தட்டில் போட்டதை எல்லாம் தின்றுகொண்டே சொல்கிறான்: பாறைக்குள்ளே போனதும் பாதை சில்லென்று ஆகிவிடுமாம், பேசினால் குரல் தலைக்கு மேலே போய்த் திரும்புமாம். கூரை எவ்வளவு உயரம்? உளித் தடம் இருக்கா? தண்ணீர் சொட்டுதா? நான் கேட்டுக்கொண்டே போனேன்.

"அதெல்லாம் எனக்கு எங்க தெரியும்? கண்ணு இருக்கிறவ நீ, போய்ப் பாரு," என்றான்.

பொறாமையில் பற்றி எரிகிறது. எழுதிவைக்கிறேன், எனக்கே வெட்கமாக இருக்கட்டும்.

ஜூன் 7, ஞாயிறு

இன்றும் போய்விட்டார்கள். "நீயும் ஒத்தைச் சைக்கிள்ல வாயேன்" என்றுதான் கூப்பிட்டான். செவ்வாய்க்குள் ஒரு பல் செட்டு முடிக்க வேண்டும், வேலையை வீட்டுக்கே எடுத்து வந்திருக்கிறேன், போகவில்லை.

அவன் அறையைப் பெருக்கினேன். அவன் உள்ளே இல்லாதபோது அதைப் பெருக்குவது இதுதான் முதல் தடவை. கட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்தி, அடியில் கிடந்த தூசியை எல்லாம் அள்ளினேன். கொஞ்சம் அழுதேன். பிறகு மெத்தையை வெயிலில் போட்டேன்.

மதியம் தாண்டியும் வரவில்லை. அவன் பங்கை மூடி வைத்துவிட்டு நான் சாப்பிட்டுவிட்டேன்.