மூக்கில்லாதவன் கலந்த திபெத்

ஜனவரி 6, திங்கள்

யாரிடமும் சொல்ல முடியாததை இங்கே எழுதிவிடுகிறேன். திருவொற்றியூரில் அத்தர் கடை வைத்திருக்கும் தமீம் ஆகிய எனக்கு மூக்கு செத்துவிட்டது. போன மாதக் காய்ச்சலோடு போன வாசனை திரும்பவே இல்லை. மல்லிக்கும் மத்தி மீனுக்கும் வித்தியாசம் தெரியாது. வாடிக்கையாளர் புறங்கையில் தடவி, நானும் முகர்ந்து, கண்ணை மூடி "ஆஹா" என்கிறேன். சினிமாவில் நடிக்கப் போயிருக்கலாம்.

இன்று பார்த்து ஷிஜி வந்தாள். ராயபுரத்தில் புதிதாக சென்ட் கடை திறக்கப்போகிற பெண். லடாக் போய்வந்தாளாம்.

"ஆளே இல்லாத மலை, பாய். உச்சியில ஒரு திபெத் மடம். நெய் விளக்கு, ஜூனிபர் கட்டைப் புகை, சுத்தியும் பனி. மனசு அப்படியே அடங்கிடுச்சு. அதை ஒரு பாட்டில்ல அடைச்சுக் குடுங்க. சனிக்கிழமை வர்றேன்."

நான் பார்த்த பெரிய மலை பரங்கிமலை. தலையை ஆட்டிவிட்டேன்.

கடையில் பாதிப் பங்கு மச்சான் அத்தாவுல்லாவுடையது. "இந்த ஆர்டரும் பூட்ச்சுன்னா மொபைல் கவர் கடதான், மச்சான். போர்டுக்கு சொல்லி வச்சுட்டேன்" என்கிறான்.

ஜனவரி 8

ஞாபகத்தை வைத்துக் கலக்குகிறேன். வெட்டிவேர், சாம்பிராணி எண்ணெய், ஜூனிபர். பனிக்குப் பச்சைக் கற்பூரம் — அது மட்டும்தான் மூக்கில் சில்லென்று தெரிகிறது. அதனால் அதையே ஊற்றிக்கொண்டிருக்கிறேனோ? யாரைக் கேட்பது?

ஜனவரி 9

மாட்டிக்கொண்டேன்.

சாயந்திரம் ஏதோ கம்பெனியிலிருந்து கேஸ் கசிந்து நெடியாம். தெருவே துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியிருக்கிறது. நான் உள்ளே உட்கார்ந்து திபெத்தைச் சொட்டுச் சொட்டாகக் கலந்துகொண்டிருந்தேன். கண் எரிந்தது. பக்கத்து ஓட்டலில் வெங்காயம் நறுக்குகிறார்கள் என்று நினைத்தேன். என் பெண்சாதி ஷம்ஷாத் ஓடிவந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"தெருவே காலியா கீது, நீ இன்னா இங்க குந்திகினு கீற? நாறல உனக்கு?"

என் முகத்தைப் பார்த்தே அவளுக்குப் புரிந்துவிட்டது. மாதவரத்தில் அவள் அக்கா வீடு வரும்வரை ஆட்டோவில் என் கையை விடவில்லை.

மேலே போய்ச் சேர்ந்திருப்பேனே — ஒரு ஆர்டருக்காகவா?

ஜனவரி 10, வெள்ளி

காற்று சரியாகிவிட்டது. ஜும்ஆ கூட்டம் போனதும் ஷம்ஷாத் கலவையை முகர்ந்தாள்.

"இது மலையா? தலைவலித் தைலம்."

கற்பூரத்தைக் குறைத்து வேறு கலந்தேன்.

"இப்ப பேய் ஓட்ற வூடு மாதிரி கீது."

சாம்பிராணியைக் குறைத்தேன். அவள் மறுபடி முகர்ந்தாள். முக்காட்டு நுனியில் ஒரு சொட்டுத் தடவிக்கொண்டாள். போதும். போதுமா? அவளும் மலையைப் பார்த்ததில்லையே!

ஜனவரி 11

ஷிஜி புறங்கையை நீட்டினாள். தடவினேன். முகர்ந்தாள். வாசலில் அத்தாவுல்லா, பாவி, டேப்பை வைத்துப் போர்டுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தான். என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நிமிர்ந்தவள் கண்ணில் தண்ணீர்.

"இதேதான், பாய். அந்த மடத்து வாசல்ல நிக்கிற மாதிரியே இருக்கு."

அத்தாவுல்லா டேப்பைச் சுருட்டினான். அடுத்து மூக்கு டாக்டர்தான் என்கிறாள் ஷம்ஷாத். சரி என்றேன்.

ஜனவரி 20

பாட்டில் அட்டையில் போட ஷிஜி போட்டோ அனுப்பியிருக்கிறாள். பனிமலை, வண்ணக் கொடிகள், மடத்து வாசலில் அவள். முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க்.

போன் போட்டேன்.

"அதுவா? மூச்சு முட்டுச்சு, பாய். மலை ஏறினதுலேர்ந்து இறங்குற வரைக்கும் கழட்டவே இல்ல."