ஜெனரல் என்றால் பொது

17 ஜூன் 1968, திங்கள்

ஊரில் உள்ள புளிய மரத்துக்கெல்லாம் இன்று பாவாடை கட்டி முடித்துவிட்டார்கள். கீழே காவி, மேலே சுண்ணாம்பு. ஸ்டேஷன் வாசலில் கிடந்த கற்களுக்கும் வெள்ளையடித்தாயிற்று. சும்மா நிற்கிற எதையும் விடவில்லை. கான்ஸ்டபிள் முனிவேல் எப்படித் தப்பினார் என்றுதான் தெரியவில்லை.

ஐ.ஜி. வருகிறாராம். இன்ஸ்பெக்டர் ஜெனரல், மாநிலத்துப் போலீஸுக்கெல்லாம் தலைவர். ஓசூர் வரை வருகிறவர் அப்படியே எங்கள் ஊர்ப் புது ஸ்டேஷனையும் திறந்து வைக்கப் போகிறார்.

என் வீட்டுக்காரர் அந்த ஸ்டேஷனுக்கு ரைட்டர். பிடிப்பது மற்றவர்கள், எழுதுவது இவர். சாயங்காலம் தொப்பியைக் கழற்றாமலே ஆரம்பித்தார்.

"ராணி, சர்க்கிள் இன்ஸ்பெக்டர் ஒன்னய வரவேற்பு மடல் எழுதித் தரச் சொல்றாரு. ஐ.ஜி. பதவியோட சரித்திரம், பெருமை எல்லாம் வரணுமாம்."

"நான் அஞ்சாங்கிளாஸ் டீச்சருங்க."

"அதான். பிழையில்லாம எழுதுவேன்னு சொல்லிட்டேன்."

கேட்காமல் வாக்குக் கொடுப்பதில் இவரை மிஞ்ச ஆளில்லை.

19 ஜூன், புதன்

ஹெட்மாஸ்டரிடம் பழைய ஜில்லா கெஜட்டியரும் இன்னொரு சரித்திரப் புத்தகமும் இரவல் வாங்கி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். தெரிந்துகொண்டது:

இந்தியா முழுவதற்கும் ஒரே போலீஸ் தலைவர் என்று யாரும் கிடையாது. மாநிலத்துக்கு ஒருவர். ஆக, இங்கே திருடிவிட்டு அத்திப்பள்ளியில் மாநில எல்லையைத் தாண்டிவிட்டால் திருடனுக்கு ஐ.ஜி. மாறிவிடுகிறார். இந்த விஷயம் எனக்குத்தான் புதிது. எங்கள் ஊர்த் திருடர்களுக்கு ரொம்ப நாளாகத் தெரியும்.

நம் பக்கம் இந்தப் பதவி வந்து நூறு வருஷத்துக்கு மேலாகிறது. அதற்கு முன் தாசில்தாரே வரி வசூலிப்பார், அவர் ஆட்களே போலீஸ் வேலையும் பார்ப்பார்கள். வரி கட்டாதவன் விரலைக் கிட்டியில் வைத்து நெரிப்பார்கள். கூச்சல் சீமை வரைக்கும் கேட்டு, விசாரணைக் கமிஷன் போட்டு, வரி வேறு போலீஸ் வேறு என்று பிரித்து, போலீஸுக்கென்று தனியாக ஒரு துரையைத் தலைவராக வைத்தார்கள். அதாவது, ஜனங்களைப் போலீஸிடமிருந்து காப்பாற்றத்தான் போலீஸுக்குத் தலைவரே வந்தார்!

இதைப் படித்ததும் எனக்கு உண்மையாகவே உற்சாகம் வந்துவிட்டது. அப்படியே மடலில் எழுதிக் கொடுத்தனுப்பினேன்.

20 ஜூன், வியாழன்

கிட்டியை அடித்துவிட்டார் சர்க்கிள். கமிஷனையும் அடித்துவிட்டார். சிவப்பு மசியில் ஒரு குறிப்பு: "மங்களகரமாக எழுதவும்."

எழுதினேன். காவல் தெய்வமே, கருணைக் கடலே, நிகரில்லாத் தலைவரே. நூறு வருஷச் சரித்திரம் மூன்று விளியில் முடிந்தது. ரொம்பப் பிரமாதம் என்றாராம்.

22 ஜூன், சனி

காலையில் சென்னம்மாள் பால் ஊற்ற வந்தாள். அழுதுவிட்டு வந்த முகம்.

அவள் எருதுகள் இரண்டையும் ஸ்டேஷன்காரர்கள் பிடித்து வைத்து ஒரு மாசமாகிறது. அத்திப்பள்ளிச் சந்தையிலிருந்து கொள்ளு மூட்டை ஏற்றி வந்தபோது வண்டியில் ஒரு பாட்டில் இருந்ததாம். சாராயம் என்றார்கள். மண்ணெண்ணெய் என்றாள். முகர்ந்து பார்த்துத்தான் சாராயம் என்றார்கள். முகர்ந்தவருக்கு அன்று ஜலதோஷம் போல. வண்டி ஓட்டிய அவள் புருஷன் கங்கப்பன் பயந்துபோய் அக்கா வீட்டோடு அத்திப்பள்ளியிலேயே தங்கிவிட்டான். அடுத்த ஐ.ஜி. ராஜ்யத்தில் பத்திரமாக இருக்கிறான்.

கேஸும் போடவில்லை, ரசீதும் தரவில்லை. ஏன் என்று போன வாரம் இவரைக் கேட்டேன். "எழுதினா கோர்ட்டுக்கு அனுப்பணும். எழுதலன்னா மணல் அடிக்கலாம்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். புது ஸ்டேஷனுக்கு மணல், செங்கல், சுண்ணாம்பு எல்லாம் வந்தது சென்னம்மாளின் எருதுகள் இழுத்துத்தான். சர்க்கிள் கையில் ஏதாவது வைத்தால் அவிழ்த்து விடுவார்கள். அவளிடம் வைக்க ஒன்றுமில்லை. மழை இறங்கிவிட்டது. ஆடிக்குள் உழுது கேழ்வரகு விதைக்காவிட்டால் வருஷம் பூராவும் வெறும் வயிறுதான்.

"டீச்சரம்மா, வரப்போறவரு ஜெனரலு இன்ஸ்பெக்டராமே?" என்றாள்.

"இன்ஸ்பெக்டர் ஜெனரல்."

"ஏதோ ஒண்ணு. பெங்களூருல எம் மாமியா இடுப்பொடிஞ்சு கெடந்தப்ப ஜெனரலு வார்டுலதான் போட்டாங்க. ஜெனரலுன்னா பொது, காசு கெடையாதுன்னு நர்ஸம்மா சொன்னாங்க. இவுரு சர்க்கிளு, வட்டத்துக்குள்ள இருக்கறவங்களுக்கு மட்டும் பாப்பாரு. அவுரு எல்லாத்துக்கும் பொது. காசு வாங்காத இன்ஸ்பெக்டரு. அதான?"

திருத்த வாயெடுத்தேன். ஒரு துணைக்கால் விட்டுப்போனாலே குட்டுகிறவள் நான். அவள் முகத்தைப் பார்த்தேன்.

"ஆமா" என்றேன்.

23 ஜூன், ஞாயிறு

போதகர் இன்று பிறத்தியார் எருதின்மேல் ஆசைப்படக் கூடாது என்று பேசினார். இவர் தலையைக் குனிந்துகொண்டார். சர்க்கிள் எங்கள் சபை இல்லை.

25 ஜூன், செவ்வாய்

ஸ்டேஷனில் ஒத்திகை. ஐ.ஜி.யாக முனிவேல், தொந்தி ஒத்துப்போகிறது என்று. சர்க்கிள் மூன்று தரம் விறைப்பாக சல்யூட் அடித்தாராம். மூன்றாம் தரம் முனிவேல், "சரி சரி, ஒக்காருப்பா" என்றிருக்கிறார். அதோடு ஐ.ஜி. பதவி பறிபோய், இப்போது லாக்-அப் கழுவுகிறார். நானும் இவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும், விழாவில் ஐ.ஜி.யிடம் முறையிடச் சென்னம்மாள் வந்தாலும் வருவாள் என்று சொல்லி வைத்தேன். இவர் முகம் செத்துப்போயிற்று.

"ஒனக்கு ஏன் இந்த வேல? என்னயக் காட்டுக்குத் தூக்கிப் போட்டுருவாங்க, தெரியுமா?"

எனக்குத் தெரியாதா? அவளைத் தடுக்கலாம்தான். காலையில் பால் வாங்கும்போது ஒரு வார்த்தை போதும். சொல்வேனா?

27 ஜூன், வியாழன்

சொல்லவில்லை.

இன்னொன்று. எருதுகளை ஐ.ஜி. கண்ணில் படாமல் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கொண்டுவந்து கட்டிவிட்டார்கள். வகுப்பு ஜன்னல் வழியாகத் தெரிகிறது. கழுத்தெல்லாம் புண். சுண்ணாம்பு பட்டுப் புண் வெளுத்திருக்கிறது. எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

28 ஜூன், வெள்ளி

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

ஐ.ஜி. வந்தார். நல்ல உயரம், நரைத்த மீசை, பேச்செல்லாம் இங்கிலீஷ். கூடவே எஸ்.பி. பந்தலில் பிள்ளைகளோடு நானும் நின்றேன். மடலைச் சர்க்கிளே வாசித்தார். தெய்வத்தையும் கடலையும் தாண்டிவிட்டார். "நிகரில்லாத் தலைவரே" வரும்போது, வாயில் பழகிய வார்த்தை முந்திக்கொண்டது — "நிக்கரில்லாத் தலைவரே!"

அரை நிக்கரோடு அட்டென்ஷனில் நின்ற கான்ஸ்டபிள்கள் அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். முனிவேலின் தொந்தி மட்டும் குலுங்கியது. நான் உதட்டைக் கடித்துக்கொண்டு ஏசுவே ஏசுவே என்று நின்றேன்.

கைதட்டல் நடுவில் சென்னம்மாள் எழுந்து வந்தாள். ஓடவில்லை, அழவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் போகிறவள் மாதிரி நேராக நடந்து வந்தாள். அந்த நடையைப் பார்த்து, ஏற்பாடாக வருகிறாள் என்று நினைத்துப் போலீஸே வழி விட்டது!

"சாமி, நீங்கதான ஜெனரலு?" என்று தமிழில்தான் ஆரம்பித்தாள். எருதைச் சொல்ல ஆரம்பித்ததும் வீட்டுப் பேச்சான தெலுங்குக்குப் போய்விட்டாள். ஐ.ஜி.க்குப் புரியவில்லை. சர்க்கிளைத் திரும்பிப் பார்த்தார்.

"ஷி இஸ் பிளெஸ்ஸிங் யூ, சார்" என்றார் சர்க்கிள்.

ஆசீர்வாதமாம்! அவள் எருது எருதென்று நெஞ்சில் அடித்துக்கொள்கிறாள், இந்தாள் ஆசீர்வாதம் என்கிறான். ஐ.ஜி. சிரித்துக்கொண்டே அவள் கும்பிட்ட கையைத் தொட்டுக் கும்பிட்டார். ஒருவருக்கும் தெலுங்கு தெரியாத மாதிரி கூட்டமே நிற்கிறது. இந்த ஊரில்! இவர் மேஜையோரம் நின்று என்னையே பார்த்தார். வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினார்.

"ஆசீர்வாதம் இல்லீங்க ஐயா" — என் குரல்தான் அது. "எருது கேக்கறா. ஒரு மாசமா ஸ்டேஷன்ல இருக்குது. இப்ப எங்க பள்ளிக்கூடத்துப் பின்னால கட்டி வெச்சிருக்குது."

சர்க்கிள், "அலஞ்சுகிட்டு இருந்த அநாதை மாடு சார், பத்திரமா வெச்சிருக்கோம்" என்றார்.

ஐ.ஜி. என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எஸ்.பி. பக்கம் திரும்பி, "லுக் இன்டு இட்" என்றார். கவனிக்கச் சொல்கிறாராம். அப்புறம் காபி சாப்பிட்டுவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

எருதுகள் சாயங்காலமே ஸ்டேஷன் கொல்லைக்குத் திரும்பிவிட்டன.

29 ஜூன், சனி

இவர் பேசவில்லை.

3 ஜூலை, புதன்

இன்றும் பேசவில்லை. குழம்பில் உப்பே போடாமல் வைத்தேன். அதற்கும் பேசவில்லை. பயமாக இருக்கிறது. செய்தது சரிதான், ஆனால் அடி விழப்போவது என் முதுகில் இல்லையே.

11 ஜூலை, வியாழன்

"லுக் இன்டு இட்" இன்று வந்து சேர்ந்தது. ஐ.ஜி. எஸ்.பி.யிடம் சொன்னார். எஸ்.பி. டி.எஸ்.பி.க்கு எழுதினார். டி.எஸ்.பி. நம் சர்க்கிளுக்கு எழுதியிருக்கிறார்: புகாரை விசாரித்து அறிக்கை அனுப்பவும். யார்மேல் புகாரோ அவரே விசாரிப்பார். சர்க்கிள் அதை இவரிடம் தள்ளி, "ஸ்டேஷன் வசம் எருது எதுவும் இல்லைன்னு எழுது" என்றிருக்கிறார்.

கெஜட்டியரில் இல்லாத சரித்திரம் இதுதான். கிட்டிக்குப் பதில் இப்போது காகிதம். நெரிபடும் விரல் மட்டும் மாறவில்லை.

இதையெல்லாம் இவரேதான் சொன்னார். கோபம் தீர்ந்து அல்ல, வேறு யாரிடமும் சொல்ல முடியாமல்.

13 ஜூலை, சனி

எருதுகள் வீட்டுக்குப் போய்விட்டன!

அறிக்கையை எழுதிக் கையெழுத்துக்கு நீட்டும்போது இவர் சொன்னாராம்: "எழுதிட்டேங்கய்யா. எருது இல்லைன்னு. டி.எஸ்.பி. நேர்ல வந்து பாத்தா என்ன பண்றது? எழுத்து என்னுது, கையெழுத்து ஒங்களுது." சர்க்கிள் பேனாவை வைத்துவிட்டு, கொல்லைப்பக்கம் அசைபோட்டுக்கொண்டிருந்த இரண்டையும் கொஞ்ச நேரம் பார்த்தாராம். அப்புறம், "அவுத்து வுட்டுத் தொலை!"

பொய்யை நிஜமாக்க வேறு வழியில்லாமல் நியாயம் நடந்திருக்கிறது. இவரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு சென்னம்மாள் வீடு வரை போய்விட்டு வந்தார். வந்து, "உப்புப் போட்டியா இன்னிக்கு?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

14 ஜூலை, ஞாயிறு

சென்னம்மாள் தயிர் கொண்டுவந்தாள். "பாத்தீங்களா டீச்சரம்மா, ஜெனரலு ஜெனரலுதான்!"

24 ஜூலை, புதன்

எதிர்பார்த்ததுதான். இவரை அஞ்செட்டிக் காட்டுப் பக்கம் மாற்றிவிட்டார்கள். "நிர்வாகக் காரணம்." அங்கே கேஸ் குறைவு, யானை அதிகம். யானைக்குச் சல்யூட் அடித்துப் பழகவேண்டும் என்று இவரே சிரித்தார். நானும் அந்தப் பக்கத்துப் பள்ளிக்கு மாற்றல் கேட்டு எழுதியிருக்கிறேன். அதுவும் மேலே போய்க் கீழே வரவேண்டும். சர்க்கிளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சிறப்பாக விழா நடத்தியதற்குப் பாராட்டுக் கடிதம் வந்திருக்கிறது.

3 ஆகஸ்டு, சனி

சாமான்களை ஓசூர் பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுபோக வண்டி தேடினோம். ஸ்டேஷனுக்குப் பயந்து ஒருவரும் வரவில்லை. விடிந்ததும் சென்னம்மாள் வண்டி கட்டிக்கொண்டு வந்து நின்றாள். கங்கப்பன் திரும்பி வந்துவிட்டான், ஓட்டியது அவன்தான். வழியில் அவள் நிலத்தைக் காட்டினாள். கேழ்வரகு முளை விட்டிருந்தது. எருதுகளின் கழுத்துப் புண் ஆறி, புது மயிர் வந்திருக்கிறது.

"எதுக்கு இப்பிடிக் காட்டுக்கு அனுப்பறாங்க ஒங்கள? ஜெனரலுகிட்ட ஒரு வார்த்த சொல்றதுதான? காசா பணமா?" என்றாள். நான் இவரைப் பார்த்தேன். இவர் புளிய மரங்களைப் பார்த்தார். மழையில் சுண்ணாம்பெல்லாம் கரைந்து, மரம் மரமாக நின்றது.

பஸ் ஸ்டாண்டில் சாமானை இறக்கியதும் இவர் வாடகை கொடுக்கப் பையில் கைவிட்டார். சென்னம்மாள் அந்தக் கையைத் தள்ளிவிட்டாள்.

"வெய்யிங்க ரைட்டரய்யா. இன்னிக்கு நம்ம வண்டி ஜெனரலு."