உங்கள் லைன் பழுதில்லை, அண்ணா

ஹம், ஜேர்மனி
12.08.2007

அன்புள்ள மதீசன் அண்ணாவுக்கு,

அந்தத் தீவில் காய்ச்சல் தலையிடி ஒன்றும் அண்டாமல் நீங்கள் நல்லபடியாக இருக்க இங்குள்ள ஊன்ட்றொப் கோயில் அம்மனை வேண்டிக்கொண்டு எழுதுகிறோம். எங்கள் சுகத்தையும் எழுதத்தான் வேணும் என்று அம்மா சொல்லுறா, சமைக்கிறோம், சாப்பிடுகிறோம், படுக்கிறோம், அவ்வளவுதான். இது அம்மாவின் கடிதம். மூன்று தரம் எழுதத் தொடங்கி மூன்று தாளும் நனைந்து போனதால் அவ சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன், இடையில் என்னுடையதும் கொஞ்சம் வரும். ராசன் மாமாவின் முழங்கால் வீக்கம் வற்றிவிட்டது. எனக்குப் பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டது, பத்தாம் வகுப்பு. அப்பாவின் வேலைத்தலத்தில் இருந்து நான்கு பேர் பூவோடு வந்து, என்ன பேசுவதென்று தெரியாமல் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள்.

நேற்று உங்கள் மெயில் வந்தது. இன்டர்நெட் லைன் விட்டு விட்டு வந்தபடியால்தான் அப்பாவால் உங்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் போனது என்றும், பள்ளிக்கூடக் கூரையில் பூட்டின டிஷ்ஷை நீங்கள் சரியாகத் திருப்பி வைக்கவில்லை என்றும், மற்ற இரண்டு தீவுப் பள்ளிக்கூடங்களுக்கும் லைன் குடுக்க வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிட்டேன் என்றும் எழுதியிருந்தீர்கள். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவ சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, நான் அவனுக்கு முழுசாச் சொல்லேல்லை பிள்ளை, எழுது என்றா. அப்பா போன அன்று நீங்கள் அங்குள்ள மருந்தகத்துப் போனில் எடுத்து, படம் வரேல்லையோ அம்மா என்று கேட்டீர்கள், இல்லை ராசா வரேல்லை என்று மட்டும் அம்மா சொன்னா. அது பொய் இல்லை. ஆனால் படம் வராததற்கு உங்கள் லைன் காரணம் இல்லை. நாங்கள் அந்த நேரத்தில் கொம்பியூட்டரைப் போடவே இல்லை, அண்ணா.

இனி ஒன்றும் செய்ய ஏலாது என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பி ஒன்பதாம் நாள் அந்தச் சனிக்கிழமை. கொம்பியூட்டர் கடைச் சிறீதரன் அண்ணை கடையைப் பிந்தித் திறக்கிறேன் என்று வந்து, அப்பாவின் கட்டிலை மேசைக்குக் கிட்ட இழுத்துவிட்டு, கொம்பியூட்டரில் கமராவைப் பூட்டித் தந்துவிட்டுப் போனார். அப்பா முகம் வழித்து, நீலச் சேட்டுப் போடச் சொன்னார். தீவு தீவாய் லைன் குடுக்கிறான், தகப்பனுக்கு எப்ப குடுக்கப் போறானாம் என்று பகிடியும் விட்டார். இங்கே ஒன்பதே முக்காலில் இருந்து பதினொன்று வரை என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள், இங்கே பதினொன்று என்றால் அங்கே இரவு எட்டு, அதற்குமேல் பள்ளிக்கூடத்து ஜெனரேட்டர் ஓடாது என்றும் எழுதியிருந்தீர்கள். அம்மாவுக்கு அது மனதில் நிற்கவில்லை. மகன் முதன்முதலாய் முகம் காட்டுற நேரம் ராகுகாலத்திலை வேண்டாம், முடியட்டும், எட்டு மணி தாண்டினாலும் அவன் எங்களுக்காக நிப்பான் என்றா. பதினொன்றுக்கு அப்பா, இப்ப போடேலாதோ என்று கேட்டார். இன்னும் கொஞ்சம் பொறுங்கோ என்றா அம்மா. நான் எங்கை ஓடப்போறன் என்றார் அப்பா.

இந்த இடத்தை எழுதாதை, நீ சின்னப்பிள்ளை, என்ரை பிழை என்று போட்டிட்டு மேலை போ என்று அம்மா சொல்லுறா. நான் எழுதுகிறேன். குசினிக் கலண்டரில் சனிக்கிழமை ராகுகாலம் ஒன்பதில் இருந்து பத்தரை என்றுதான் இருந்தது. அதன்படி பார்த்திருந்தால் உங்களுக்கும் அப்பாவுக்கும் அரை மணித்தியாலம் இருந்திருக்கும். நான்தான் நூலகத்துப் புத்தகத்தில் படித்ததை வைத்து, அது காலை ஆறு மணிக்குச் சூரியன் உதிக்கும் ஊர்களுக்கான கணக்கு, இங்கே கோடையில் ஐந்து முப்பத்தைந்துக்கு உதித்து இரவு ஒன்பதரைக்குப் பிறகுதான் படுகிறது, பகலை எட்டாய்ப் பிரித்தால் ஒரு பங்கு இரண்டு மணித்தியாலம், சனிக்கிழமை ராகுகாலம் மூன்றாம் பங்கு, பதினொன்று முப்பத்தைந்துக்குத்தான் முடியும் என்று அம்மாவுக்குத் தாளில் கீறிக் காட்டினேன். என்ரை பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரி என்று அம்மா அப்பாவிடம் சொன்னா. எனக்குச் சந்தோசமாக இருந்தது. உங்கள் ஜெனரேட்டர் எனக்கும் தெரியும், அண்ணா. தெரிந்தும் கணக்குச் சரியாக இருந்தால் போதும் என்று நினைத்தேன்.

பதினொன்று முப்பத்தைந்துக்குப் போட்டோம். திரையில் உங்கள் பெயர் மங்கிக் கிடந்தது, ஆனால் நீங்கள் அடித்துவிட்டுப் போனவை ஒவ்வொன்றாக விழுந்தன. அப்பா வந்திட்டன். இருக்கிறியளோ. இஞ்சை பள்ளிக்கூடப் பிள்ளையள் பதினேழு பேர் நிக்கினம், உங்களுக்கு வணக்கம் சொல்லப் பழக்கி வைச்சிருக்கிறன். அம்மா, தக்சா, ஆரும் நிக்கிறியளோ. ஜெனரேட்டர் நிக்கப்போகுது அப்பா. எல்லாவற்றையும் நான் வாசித்தேன். பதினேழு பிள்ளைகள் என்றதை அப்பா இரண்டாம் தரம் வாசிக்கச் சொன்னார். பிறகு சேட்டைக் கழற்றிவிடச் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். திங்கட்கிழமை மத்தியானம் போய்விட்டார். தகனத்துக்கு ரெர்மின், நாளும் நேரமும், வெள்ளிக்கிழமைதான் கிடைத்தது, நீங்கள் நிற்க வேண்டிய இடத்தில் ராசன் மாமா நின்றார்.

எங்களில் கோபிக்க வேண்டும் என்றால் கோபியுங்கோ. ஆனால் டிஷ்ஷில் பிழை என்று சொல்லி அந்தப் பிள்ளைகளை விட்டுவிட்டு வராதே என்று அம்மா சொல்லுறா. காய்ச்சல் வந்த குழந்தைக்கு நேர்ஸ் அந்த லைனிலேயே பெரிய தீவு டொக்டரைக் கேட்டு மருந்து கொடுத்தா என்று போன மாதம் நீங்கள்தானே எழுதினீர்கள். மிச்ச இரண்டு தீவிலும் கூரையிலை ஏறி டிஷ்ஷைப் பூட்டிப்போட்டு வா ராசா, அப்பா உன்னைப் பற்றி ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லி வைச்சவர் என்று அம்மா சொல்லுறா. கூரையில் ஏறும்போது இடுப்பில் கயிறு கட்ட வேணுமாம்.

இருபத்திரண்டாம் திகதி அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, மறக்க வேண்டாம். அன்று கடலில் தலைமுழுகி, அப்பாவை நினைத்து மூன்று கை தண்ணீர் விட்டுவிட்டுச் சாப்பிடச் சொல்லுறா. எந்த நேரம் என்றாலும் பரவாயில்லையாம். நீ நூறு வயசு நோயில்லாமல் இருப்பாய் என்று உன் தலையில் கை வைத்ததாக எழுது என்றா, எழுதிவிட்டேன்.

இதை நாளை சிறீதரன் அண்ணையின் கடையில் ஸ்கான் செய்து அனுப்புவேன், மூன்று பக்கம், மெதுவாகத்தான் இறங்கும். நீங்கள் இந்த வரியை வாசிக்கிறீர்கள் என்றால், அது நீங்கள் திருப்பி வைத்த டிஷ்ஷால்தான் வந்தது.

அன்புள்ள அம்மா,
ம. சந்திரகாந்தி

கணக்குப் போட்ட தங்கச்சி,
தக்சாயினி