வெளித் தாழ்ப்பாள்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுகிறேன். நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் எப்போதும் என் நினைப்பு. சின்னவளுக்குக் காதுவலி என்று எழுதியிருந்தாயே, இப்போது எப்படி இருக்கிறாள்? எண்ணெய் காய்ச்சி ஊற்றாதே. தங்கை சொல்வதைக் கேட்காவிட்டாலும் நர்ஸ் சொல்வதைக் கேள்.

பதில் போடவில்லை என்று கோபப்பட்டிருப்பாய். எழுத உட்காருவேன், கை ஓடாது. வேலை கஷ்டமா என்று கேட்டிருந்தாய். கஷ்டமில்லை. வேளைக்குச் சாப்பாடு, தனி அறை, மரியாதையான பேச்சு. ஆனாலும் இங்கே நடந்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

நான் பார்த்துக்கொள்ளும் ஐயா பெரிய கட்டட காண்ட்ராக்டராக இருந்தவர். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. பிள்ளைகள் இல்லை. வீட்டம்மா மட்டும்தான். தெருவில் அவரைக் கையெடுத்துக் கும்பிடாத குறையாகத்தான் பேசுவார்கள். மருந்து வாங்கப் போனால் கடைக்காரர், "இந்தக் காலத்துல இப்படி ஒரு பொண்டாட்டியா! அந்த மனுஷன் குடுத்து வச்சவரும்மா" என்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஐயா உடம்பில் ஒரு படுக்கைப் புண் கிடையாது. மருந்து ஒரு வேளை தவறியதில்லை.

ஐயாவைப் படுக்க வைத்திருப்பது மாடியில் கடைசி அறை. ஜன்னல் இருந்த இடத்தைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசியிருக்கிறார்கள். வெள்ளைச் சுண்ணாம்புக்கு அடியில் பழைய சட்டத்தின் கோடு மட்டும் லேசாகத் தெரியும். பகலிலும் விளக்குப் போட வேண்டும். காற்றோட்டமான அறைகள் சும்மா கிடக்க இங்கே ஏன் என்று கேட்டேன். "இது அவரே பாத்துப் பாத்துக் கட்டின ரூம்மா. உள்ள என்ன நடந்தாலும் வெளிய சத்தம் வராது" என்றார் வீட்டம்மா. நோயாளிக்கு அமைதி வேண்டும் என்கிறார் போல என்று விட்டுவிட்டேன். கதவின் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்ததைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை, அக்கா. தெளிவாக இருந்த பேச்சைக்கூட நான் எனக்கு வசதியாக மாற்றிப் புரிந்துகொண்டிருக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. வீட்டம்மா அந்த அறைக்குள் காலே வைப்பதில்லை. தட்டை வாசலில் நின்று நீட்டுவார். நாற்காலியைக் கதவுக்கு வெளியே போட்டு உட்கார்ந்து, நான் ஐயாவின் காலை மடக்கி நீட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஆசாரியை வரவழைத்து, கட்டிலிலிருந்து கதவு வரை சுவரில் கைப்பிடிக் கட்டை அடிக்கச் சொன்னார். "அவர் எழுந்து நடக்கணும்மா. அந்த ஒண்ணுக்காகத்தான் உயிரை வச்சிட்டிருக்கேன்" என்று சொல்லும்போது அவர் கண் கலங்கும். எனக்கும் கலங்கும்.

ஐயாதான் புரியாத புதிராக இருந்தார். கால் நன்றாகத் தேறி வந்தது. நான் தொட்டதும் தசை இறுகுவது கைக்குத் தெரியும். ஆனால் நிற்க வைத்தால் துணி மூட்டை மாதிரி சரிந்துவிடுவார். ஒருநாள் மதியம் நான் திடீரென்று உள்ளே போனபோது கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு பாதத்தையும் தரையில் ஊன்றியிருந்தார். என்னைக் கண்டதும் பொத்தென்று சாய்ந்துகொண்டார். உடம்பு தேறுவதை ஒளிக்கிற நோயாளியை நான் அதுவரை பார்த்ததில்லை.

மறுநாள் விரிப்பு மாற்றும்போது என் மணிக்கட்டைப் பிடித்தார். வாய் கோணி, குழறிக் குழறித்தான் வந்தது பேச்சு. ஆனால் தெளிவாகக் கேட்டது. "என்னை நடக்க வைக்காதே" என்றார்.

பக்கவாதம் வந்தவர்கள் மனம் விட்டுப்போவது சகஜம்தானே என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். "என்னய்யா இது சின்னப்புள்ள மாதிரி? அம்மா உங்களுக்காகத் தவம் கெடக்கறாங்க" என்று சிரித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஓரத்தில் நீர் வழிந்தது. கீழே போய், ஐயாவுக்குப் பேச்சு வந்துவிட்டது என்று நல்ல சேதியாகச் சொன்னதும் நான்தான்.

அதற்குப் பிறகு நான் விடவில்லை. கெஞ்சினேன், மிரட்டினேன், இடுப்பில் கை கொடுத்துத் தூக்கினேன். ஒருநாள் காலை, இனி ஒளிக்க முடியாது என்று ஆகிவிட்டதோ என்னவோ, எழுந்தார். கட்டையைப் பிடித்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து, கதவு வரைக்கும் வந்துவிட்டார். வீட்டம்மா வாசலில் நின்று கைதட்டினார். நானும் தட்டினேன். "நீ கொஞ்சம் வெளிய வாம்மா" என்றார். வந்தேன். கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டார்.

உள்ளேயிருந்து ஐயா கதவைத் தட்டினார். தடித்த பலகை, சத்தம் எங்கேயோ தூரத்தில் கேட்பதுபோல் இருந்தது. வீட்டம்மா கதவில் கன்னத்தை வைத்துக் கேட்டுக்கொண்டு நின்றார். தாலாட்டுக் கேட்கும் குழந்தை முகம் அக்கா அது. பிறகு கதவோடு கதவாக, கொஞ்சுவது மாதிரி சொன்னார்: "வெளிய வந்து என்ன பண்ணப் போறீங்க? உள்ள உங்களுக்கு என்ன குறை?"

என் பக்கம் திரும்பினார். "இதைத்தான் அவர் எங்கிட்ட தினமும் சொல்வார்" என்றார். கல்யாணமான புதிதில் வீட்டம்மா அந்த அறை ஜன்னலில் நின்று அடுத்த வீட்டுக்காரர்களிடம் சிரித்துப் பேசினாராம். அதற்காக அந்த ஜன்னலை ஐயா தன் கையாலேயே செங்கல் வைத்து அடைத்தாராம். ஐயாவுக்கு நோய் வந்து விழுந்த அன்று, அப்போதிருந்த வேலைக்காரி மாடிக்கு வந்து திறந்துவிட்ட பிறகுதான் இவர் அந்த அறையிலிருந்து வெளியே வந்தாராம். அதுவரை வெளியுலகத்துக்கு, மனைவிக்கு உடம்பு சரியில்லை, புருஷன் கண்ணுக்குக் கண்ணாகப் பார்த்துக்கொள்கிறார். ஊர் அவரையும் உத்தமர் என்றுதான் சொல்லியிருக்கிறது.

கேட்டேன், பூட்டி வைப்பதற்கு அவரை நடக்க வைத்திருக்க வேண்டாமே என்று. "படுத்துக் கெடக்கறவருக்குக் கதவு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? கதவு வரைக்கும் நடந்து வரத் தெரியணும்மா. அப்பத்தான் அது பூட்டியிருக்கறது தெரியும்" என்றார். குரலை உயர்த்தவே இல்லை.

வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்பார்கள். அறுக்கிற அரிவாளைத் தீட்டிக் கொடுத்தவள் நான்.

நான் சும்மா இருக்கவில்லை. ஐயாவை வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் ஓடினேன். அன்றைக்கே வந்தார். கதவு விரியத் திறந்திருந்தது, ஐயா சுத்தமான விரிப்பில் படுத்திருந்தார். டாக்டரின் கையைப் பிடித்து, "பூட்டி வைக்கிறா" என்று குழறினார். டாக்டர் அவர் தோளைத் தட்டி, இந்த நோயில் இப்படிச் சந்தேகம் வரும், பயப்பட வேண்டாம் என்று என்னிடம் சொன்னார். அப்போது வாசலில் நின்ற வீட்டம்மா மெதுவாகக் கேட்டார், "இதே கட்டில்ல படுத்துக்கிட்டு நானும் இதையேதான் உங்ககிட்ட சொன்னேன், ஞாபகம் இருக்கா டாக்டர்? அன்னிக்கும் தோளைத் தட்டினீங்க. மனசு கொழம்பியிருக்கு, தூக்க மாத்திரை எழுதறேன்னு அவர்கிட்ட சொன்னீங்க."

டாக்டர் அவரையும் பார்க்கவில்லை, ஐயாவையும் பார்க்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். அதற்குப் பிறகு வரவில்லை.

அப்படியானால் நீ ஏன் இன்னும் அங்கே இருக்கிறாய் என்று கேட்பாய். ஐயாவை நினைத்துத்தான் என்று முதலில் சொல்லிக்கொண்டேன். நான் போய்விட்டால் அவர் பார்ப்பதற்கு வெளி மனித முகம் ஒன்றுகூட இல்லை. உள்ளே அவருக்குச் சவரம் செய்துகொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் தாழ்ப்பாள் விழும். வேலை முடித்துத் தட்டுவேன். கொஞ்ச நேரம் கழித்து வீட்டம்மா திறப்பார். அந்தக் கொஞ்ச நேரத்தில் ஐயாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ள மாட்டோம். வெளியே வந்ததும், "பயந்துட்டியா?" என்று என் தலையைத் தடவி, தன் கையாலேயே காபி கலந்து தருவார். நான் குடிக்கிறேன் அக்கா. எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. அந்த இருட்டில் அவர் கிடந்ததை நினைத்தால் ஐயா மேல் இரக்கமே வருவதில்லை. ஐயாவின் கையைப் பிடித்தால் இரக்கத்தைத் தவிர வேறொன்றும் வருவதில்லை.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன். இன்று காலை வீட்டம்மா கடைக்குப் போயிருந்தார். வீட்டில் வேறு யாருமில்லை. ஐயாவுக்கு மருந்து கொடுத்தேன். கதவு திறந்துதான் இருந்தது. இப்போது மெல்லக் கைப்பிடித்துக் கூட்டிப் போய்விடலாம் என்று நான் நினைத்தேன், அவரும் அதையேதான் நினைத்திருப்பார். அவர் எழுந்துகூட நின்றுவிட்டார். நான் வெளியே வந்தேன். யாரும் சொல்லவில்லை. என் கைதான் தாழ்ப்பாளைப் போட்டது. போட்டுவிட்டு, அந்தக் கதவில் கன்னத்தை வைத்து நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அக்கா, பதில் எழுதாதே. அத்தானைக் கூட்டிக்கொண்டு நீயே வா. எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை என்று நான் சொல்வேன். சிரித்த முகமாகச் சொல்வேன், காபிகூடக் கொடுப்பேன். நம்பாதே. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போ.

சின்னவளுக்கு என் முத்தம். ராத்திரி அவள் அறைக் கதவைச் சாத்தாமல் தூங்க விடு.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்
தங்கை