மூச்சை விடத் தெரிந்தவனுக்கு

இன்று காலை நானும் பம்ப் அடித்தேன். மூச்சு இழுப்புக்கு வைத்தியர் எழுதிக் கொடுத்த புதுப் பம்ப். வாயில் வைத்து அழுத்தியதும் தொண்டையில் ஒரு கசப்பு. மருந்தும் பிளாஸ்டிக்கும் கலந்த ஒரு மணம். உடனே நீயே அறைக்குள் வந்துவிட்டது போலிருந்தது. வானொலிச் செய்தி மேசையில் என் எதிரே நீ இருந்த காலமெல்லாம் உன் சட்டைப் பையிலிருந்து வந்த மணம் அது.

நீ அதை ஒளித்து வைத்ததில்லை. முட்டு வருத்தம், அதுதான் ஆஸ்துமா, உள்ளவன் என்று தெரிந்தால் சம்பந்தம் கைகூடாது என்று உன் வீட்டார் பொத்திப் பொத்தி வைத்திருக்க, பெண் பார்க்கப் போன வீட்டிலேயே பம்பை எடுத்து எல்லார் முன்னாலும் அடித்தாய். "பாக்கிறவை முழுசாப் பாக்கட்டும்" என்றாயாம். அந்தப் பெண்தான் உன்னைக் கட்டினார். உங்கள் கொட்டாஞ்சேனை வீட்டில் எனக்குச் சோறு போடும்போது அவரே சொல்லிச் சிரித்த கதை இது.

ஒருகொடவத்தையில் பண்டகசாலை ஒன்று எரிந்த பகல் உனக்கு நினைவிருக்கும். அப்போது நாங்கள் களத்திலிருந்து தொலைபேசியில் செய்தியைச் சொல்லுவோம். நீ காதில் ரிசீவரை இடுக்கிக்கொண்டு எழுதுவாய். நான் புகைக்குள்ளால் ஓடி, ஒரு தேநீர்க்கடையில் கெஞ்சிப் போன் வாங்கி, மூச்சிரைக்கக் கொட்டத் தொடங்கினேன். நீ எழுதவில்லை.

"மச்சான், முதல்ல மூச்சை விடு."

"இஞ்ச எரியுது, நீ மூச்சைப் பற்றிக் கதைக்கிறாய்!"

"எரியிறது பண்டகசாலை. நீ ஏன்ரா அவியிறாய்? தோளை இறக்கு. சூடான பிளேன்டீயை ஊதுற மாதிரி மெல்ல விடு. இழுக்கிறது தன்ர பாட்டில நடக்கும்."

உன்னைத் திட்டிக்கொண்டேதான் விட்டேன். வயிறு உள்ளே போய், பிறகு தானாக நிறைந்தது. தலை தெளிந்தது. உள்ளே ஆட்கள் சிக்கியிருக்கிறார்கள் என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்தினேன். அதை நான் பார்க்கவில்லை. ஓடி வந்த யாரோ கத்தியது. "அப்பிடிச் சொல்லுகினம், உறுதியில்லை எண்டு போடு" என்றேன். "இப்பதான் நிருபர் கதைக்கிறார்" என்றாய். மாலையில் எல்லாரும் பத்திரமாக வெளியே வந்திருந்தது தெரிந்தது. உறுதி என்று நான் சொல்லியிருந்தால் எத்தனை வீடுகளில் அந்தச் செய்தி ஒப்பாரியைக் கிளப்பியிருக்கும் என்று இப்போதும் நினைப்பேன்.

அதன் பிறகு நீ எங்கள் எல்லாரையும் நோட்டம் விடத் தொடங்கினாய். கூன் விழுந்து தட்டச்சு செய்பவர்களைக் கடந்து போகும்போது நாற்காலியின் முதுகில் ஒரு தட்டு. "கழுத்தால மூச்சு விடாத, வயித்துக்கு இறக்கு." உனக்குச் சுவாமியார் என்று பட்டம் வைத்தோம். "சுவாமியார் பம்ப் அடிப்பாரோ?" என்று கேட்டவனுக்கு, "மருந்தை விட்டுப்போட்டு மூச்சுப் பழகச் சொல்லுறவன் கள்ளச் சுவாமி. நான் ரெண்டும் செய்வன்" என்றாய்.

உன் செத்த வீட்டில் உன் உறவினர் ஒருவர் எனக்குப் பக்கத்தில் இருந்து சொன்னார்: "மூச்சு மூச்செண்டு கதைச்சவர், கடைசியில மூச்சு முட்டித்தானே போனவர்." நான் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. "முட்டோடயே பிறந்த மனுசன், ஐயா. பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உங்களை விடக் கெதியாப் படி ஏறினவர்" என்றேன், கூடத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி. உன் மனைவி என்னைத் தடுக்கவில்லை.

இப்போது என் முறை. எனக்கும் மூச்சு வருத்தம் வந்த பிறகு என் மகள் இரத்மலானையில் ஒரு கீழ்த்தள வீடு பார்த்து வைத்திருக்கிறாள். நான் இருப்பது வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில், நாலாம் மாடியில். லிஃப்ட் வேலை செய்யும் நாட்கள் குறைவு. நல்ல பிள்ளை, என் நன்மைக்குத்தான் சொல்கிறாள். ஆனால் இங்கே இறங்கினால் எனக்குச் சந்தை, பேப்பர், கதைக்க ஆட்கள். அங்கே குந்தியிருக்க ஒரு கதிரை. அதில் நான் இருந்த இடத்திலேயே முடிந்துபோவேன்.

"அப்பா, உங்களுக்கு இனி இந்தப் படி ஏலாது" என்றாள் இன்று, கீழே படியடியில் நின்று.

"ஏலும். கெதியா ஏலாது."

"அப்ப ஏறுங்கோ. மேல நிண்டு மூச்சு வாங்காம ஒரு வசனம் முழுசாச் சொல்லுங்கோ. முடியாட்டி அந்த இரத்மலானை வீட்டை எடுப்பம்."

ஏறினேன். காலை வைக்கும்போது மூச்சை விட்டேன், நிற்கும்போது எடுத்தேன். இரண்டாம் மாடியில் அவள் என் கையைப் பிடிக்க வந்தாள். "களைச்சுப் போனீங்களோ?" "இல்லை, ஊதுறன்" என்று கையை எடுத்துவிட்டேன். மூன்றாம் மாடியில் உண்மையாகவே களைத்தேன். சுவரில் சாய்ந்து, உதட்டைக் குவித்து, அவசரமே இல்லாமல் விட்டேன். அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

நாலாம் மாடியில் கதவைப் பிடித்துக்கொண்டு, தோளை இறக்கி, முதலில் முழுக்க விட்டேன். பிறகு சொன்னேன்:

"அந்த வீட்டுக்காரருக்குப் போன் எடுத்து, எங்கட அப்பா வெள்ளவத்தையை விட்டு வரமாட்டாராம், வேற ஆருக்கும் குடுங்கோ எண்டு சொல்லு."

அவள் அங்கேயே எண்ணைத் தட்டினாள். அந்த வசனத்தைச் சொல்லி முடித்த பிறகும், மச்சான், என்னிடம் கொஞ்சம் மூச்சு மிச்சம் இருந்தது.