பெரிய எழுத்து

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே மழை விட்டுவிட்டது. வீட்டில் எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் அண்ணியும் சுகமாக இருப்பீர்கள் என்ற நினைப்போடு எழுதுகிறேன்.

நீ அம்மாவுக்கு அனுப்பிய மின்நூல் கருவி எப்படி என்று கேட்டிருந்தாய். மாடி வீட்டு நர்ஸ் அக்காவின் பழைய கருவியையும் இரவல் வாங்கி, இரண்டிலும் ஒரே நாவலை ஏற்றி அம்மாவிடம் கொடுத்தேன். நீதிபதிபோல் உட்கார்ந்துகொண்டாள்.

உன்னுடையது மெலிது, வெளிச்சமும் கண்ணைக் குத்தவில்லை. ஆனால் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிக்கு இரண்டு சொல்தான். இரண்டு ஓரமும் நேராக நிற்க வேண்டும் என்று அது பிடிக்கும் பிடிவாதத்தில், சொற்களுக்கு நடுவே மாடு புகுந்து போகலாம். அந்த இடைவெளியில் அம்மா வரியைத் தொலைத்துவிடுகிறாள். நீளமான சொல்லை உடைக்கும்போது கொம்பு மேல் வரியில், எழுத்து கீழ் வரியில். தலை ஒரு பஸ்ஸிலும் உடம்பு இன்னொரு பஸ்ஸிலும் போனால் ஊர் போய்ச் சேர முடியுமா என்று கேட்டாள்.

நர்ஸ் அக்காவுடையது செங்கல் கனம். ஆனால் வலது ஓரத்தை அதன் போக்கில் விடலாம், வரிகளுக்கு நடுவே இடம் கூட்டலாம், தடித்த எழுத்தும் உண்டு. அதில் அம்மா ஒரு பக்கத்தைத் தானே படித்து முடித்தாள். கதாநாயகி அசடு, அவனை நம்பிக் கெடப்போகிறாள் பார் என்றாள். அம்மா ஒருத்தியைத் திட்டிக் கேட்டு எத்தனை காலமாயிற்று.

இருந்தும் உன்னுடையதுதான் வேண்டுமாம். காரணம் கேட்டால், என் பிள்ளை வாங்கிக் கொடுத்தது, உனக்கென்னடி தெரியும் என்று என் வாயை அடைத்துவிட்டாள்.

இனி எழுதுவதை அவளிடம் கேட்காதே. நீ வீடியோவில் வரும்போது அவள் தூக்கிக் காட்டும் திரையில் பொடி எழுத்தாக இருக்கிறதே, நீகூட மெச்சினாயே. நீ அழைக்கும் நேரம் நெருங்கினால் எழுத்தைச் சிறிதாக்கித் தரச் சொல்கிறாள். உனக்கு வாசித்துக் காட்டிய பத்தி, காலையில் என்னைப் படிக்கச் சொல்லி மனப்பாடம் செய்தது. அதைக் கேட்டுத்தான் நீ விடுப்பை அடுத்த வருடத்துக்குத் தள்ளினாய். போனை வைத்ததும், அவன் ஓடி வந்து என்ன செய்வான், கண்ணைக் கழற்றியா தருவான் என்றாள்.

டாக்டர் மூடி மறைக்கவில்லை. பார்வையின் நடுப்பகுதி போய்க்கொண்டிருக்கிறது. ஊசி அதை மெதுவாக்கும், நிறுத்தாது. ஓரங்கள் மட்டும் தங்குமாம். பெரிய எழுத்தில் இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம். உன் போட்டோவையும் திரை நிறையப் பெரிதாக்கிப் பார்த்தோம். கண்ணும் மூக்கும் இருக்கிற இடம்தான் மங்குகிறது என்றாள். பிறகு, அவன் இளைத்துவிட்டானா என்று என்னைக் கேட்டாள்.

கருவியை மாற்ற வேண்டாம் அண்ணா. இந்த விடுமுறைக்கே வா. நான் எழுதியதாகச் சொல்லாதே, சும்மா வரத் தோன்றியது என்று சொல். வந்ததும் அம்மாவுக்கு நேர் எதிரே நிற்காதே. கொஞ்சம் பக்கமாக, ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி நின்று, அவள் போதும் என்கிறவரை அசையாமல் இரு. வேறு எங்கோ பார்ப்பது போலிருக்கும். உன்னைத்தான் பார்ப்பாள்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
தங்கை