தோற்றவனுக்குக் கிடைத்த கிண்ணம்

மோர்னிங்சைட், ஜூன் 1995

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

உங்கள் மகன் கவிதரன் தலைவணங்கி உலகத்துக்கு அறிவிப்பது: இடது கண் வீக்கம், வலது கண் நலம். அப்பா, உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

பயப்பட வேண்டாம். பள்ளி மண்டபத்தில் பந்து ஹொக்கி இறுதிப்போட்டி நடந்தது. கிண்ணத்தோடு வருவேன் என்று போன கடிதத்தில் சவடால் விட்டேனே, அதுதான். மலைபோல் நின்று கோலைக் காத்தேன். கோல்தான் என்னைக் காக்கவில்லை. ஆறுக்கு ஒன்று என்று தோற்றோம். பிறகு சிறந்த வீரருக்கான கிண்ணத்துக்கு என் பெயரைக் கூப்பிட்டார்கள்! ஊரில் தோற்றவனுக்கு யார் கிண்ணம் கொடுத்தார்கள்? ஏதோ பிழை என்று, வென்ற அணியின் துஷாந்திடம் அதைக் கொண்டுபோய் நீட்டினேன்.

எங்கள் பயிற்சியாளர் மயூரதி அக்கா ஓடிவந்தா.

"டேய், உது உனக்குத்தான்! எத்தினை பந்தை மறிச்சனி! பெரிய ஐஸ் ஹொக்கியிலும் உப்பிடித்தான். கடைசிக் கட்டப் போட்டிகளிலை திறமா விளையாடினவனுக்கு அறுபத்தஞ்சிலை இருந்து கொன் ஸ்மைத் கிண்ணம் குடுக்கினம். நாலு தரம் தோத்த பக்கத்துக்குப் போயிருக்கு. அதிலை மூண்டு பேர் கோல் காத்தவை!"

"தோத்தவனுக்கோ? பகிடி விடாதையுங்கோ அக்கா!"

இன்னும் நம்ப முடியவில்லை. சித்தப்பாவுக்கு இரட்டை வேலை. கிண்ணத்தைக் காட்ட வீட்டில் ஆளில்லை. ஊரிலிருந்து யாராவது வந்தால், வீக்கத்துக்குப் பூச சித்தாலேப தைலம் கொடுத்துவிடுங்கள். அம்மா பாவித்த பாதிப் போத்தல் என்றாலும் போதும்.

பஸ் வருகிறது, முடிக்கிறேன். அந்த மலைக் கதை மட்டும் கொஞ்சம்... உண்மையில் நான் பயத்தில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றேன். பந்துகள்தான் என்னைத் தேடி வந்து அடித்தன.

உங்கள்
கவிதரன்